நீலம் கொஞ்சம் ஏத்துங்க

தர்மபுரி மாவட்டத்தில் மாம்பழத்துக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைவது திரை வைத்தியர். மாம்பழத்துக்காவது சீசன் உண்டு. இவருக்கு இல்லை.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கே ஒரு கணினியின் திரை கண்ணடித்தாலும், அது இ-சேவை மையமாக இருக்கட்டும், கூட்டுறவுச் சங்கமாக இருக்கட்டும், பிள்ளையின் மார்க் ஷீட் எடுக்கப்போன பிரவுசிங் சென்டராக இருக்கட்டும், வரிசையில் நான்காவதாக நிற்கும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிலிருக்கும் பையை உங்களிடம் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் நகருங்க" என்று முன்னால் போவார். அவரேதான். அவரை யார் கூப்பிட்டார்கள்? திரை கூப்பிட்டது.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் மானிட்டரின் மண்டையில் ஒரு தட்டு. அடுத்து முதுகுப்பக்கத்து ஒயர்களையெல்லாம் பிடுங்கி, ஒவ்வொன்றையும் அடுப்பு ஊதுவதுபோல ஊதி, திரும்பச் செருகுதல். அதற்கும் மசியவில்லை என்றால், மேலே சுற்றும் மின்விசிறியைச் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்து, "வோல்டேஜ்" என்று ஒற்றைச் சொல். படம் வந்துவிட்டால் அவர் தட்டியதால் வந்தது. வராவிட்டால் மதர்போர்டு போய்விட்டது. மூன்றாவது முடிவு இந்த வைத்தியத்தில் கிடையாது.

ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று இருக்கிறது. திரை தன் படத்தை நொடிக்கு எத்தனை தடவை புதிதாக வரைகிறது என்ற எண்ணிக்கை. சாதாரணக் கடை வேலைக்கு அறுபது போதும். திரை வைத்தியருக்குப் போதாது. அறுபது என்றால் முதல் வகுப்பு, எழுபத்தைந்து என்றால் டிஸ்டிங்ஷன். எழுபத்தைந்து எடுக்கக்கூடிய பிள்ளையை யாராவது அறுபதில் விட்டுவைப்பார்களா? ஏற்றிவிடுவார். பழைய ஒயர் அந்த வேகத்தைத் தாங்காமல், ஐந்து நொடிக்கு ஒருதரம் திரை இருண்டு இருண்டு விழிக்கும். அதைச் சரிபண்ண அவரே திரும்ப வருவார்.

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் கம்பைநல்லூர் மாதேஸ்வரன். பால் சொசைட்டியில் பால் அளந்து ஓய்வுபெற்றவர். இளமையில் தபால் வழியாக டிவி மெக்கானிசம் படித்தார். மூன்று பாடம் வந்தது. நான்காவது வருவதற்குள் பாடம் அனுப்பிய கம்பெனியே காணாமல்போனது. அந்த மூன்று பாடத்தை வைத்துக்கொண்டு அவர் நாற்பது வருடமாக ஊரின் அத்தனை திரைகளையும் காப்பாற்றி வருகிறார்.

அவருடைய அண்ணன் கருப்பண்ணன் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, கல்லீரல் கெட்டு, மூன்று வார ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு இறந்துபோனார். எடுப்பது மூன்று மணிக்கு. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்காமல் நம் பக்கத்தில் பிணம் நகராது. ஆகவே பத்து மணிக்கு மாதேஸ்வரனும் கருப்பண்ணனின் மகள் கோகிலவாணியும் பேருந்து நிலையத்தை ஒட்டிய டிசைன் கடைக்குப் போனார்கள். படம் அவள் போனில் இருந்தது.

கோகிலவாணிக்கு ஓசூரில் வேலை. புது மானிட்டர்கள் கண்ணடிக்கின்றனவா, நிறம் மாறுகின்றனவா என்று நாளெல்லாம் சோதிக்கும் வேலை. அன்று அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் கைக்கு எட்டியது. ஆஸ்பத்திரியில் பார்த்த மஞ்சள் முகம் ஊரின் கண்ணில் கடைசி முகமாக நிற்கக்கூடாது. பொங்கலன்று அவள் எடுத்த படத்தில் அப்பா கறுப்புச் சட்டையில், பொங்கல் கரும்பை ஆடு இழுத்துப்போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகம் நிற்கவேண்டும்.

கருப்பண்ணன் அசல் கறுப்பு. சட்டையும் கறுப்பு, கொள்கையும் கறுப்பு. கோயில் வாசலை மிதிக்காதவர். திருநீறு பூசவந்த சம்பந்தியிடம் "எனக்குப் பவுடர் ஒத்துக்காதுங்க" என்று நெற்றியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவர்.

கடையில் மலர்விழி உட்கார்ந்திருந்தாள். டிசைன் செய்வதும் கடையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அவள் முன்னால் இருந்த திரை இருண்டு இருண்டு விழித்துக்கொண்டிருந்தது.

"எப்பலருந்து இப்படி இருக்குது?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"அண்ணன் போன மாசம் வந்து ஸ்பீடு ஏத்திவுட்டதுலருந்துங்கக்கா," என்றாள் மலர்விழி, மாதேஸ்வரனின் பக்கம் திரும்பாமல்.

"ஸ்பீடு ஏறுனா நல்லதுதானம்மா. இது வோல்டேஜ். பக்கத்துல எவனோ மோட்டார் போட்டிருக்கான்."

"சித்தப்பா, இது எழுவத்தஞ்சுல இருக்கும். அறுவதுக்கு எறக்குனா நின்னுடும்."

"நீ உக்காரு கண்ணு. ஆஸ்பத்திரில நாள் கணக்கா தூங்காம கெடந்திருக்க. அழுத கண்ணுக்கு எல்லாமே மினுக்கும்."

அவள் அழவில்லை. அதுவரை ஒரு சொட்டுகூட வரவில்லை. வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது.

மாதேஸ்வரன் மண்டையில் தட்டினார். திரை ஒருதரம் விழித்து மறுபடி இருண்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தார். அவருடைய முதுகு மறைந்ததும் கோகிலவாணி மவுஸை வாங்கி, நான்கு கிளிக்கில் எண்ணை அறுபதுக்கு இறக்கினாள். திரை அசையாமல் நின்றது.

"வந்துடுச்சா?" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான்தான் சொன்னன்ல, ஒயரு."

"ஆமாங்கண்ணா, ஒயருதான்," என்றாள் மலர்விழி. அவள் அங்கே வியாபாரம் செய்யவேண்டும்.

படத்தைத் திறந்தார்கள். அப்பாவின் முகம் மஞ்சளாக இருந்தது.

மூக்கில், கன்னத்தில், சிரிக்கும் கண்ணின் வெள்ளையில். ஆஸ்பத்திரியில் இருந்த அதே மஞ்சள். மாதேஸ்வரன் தலையில் ஒட்டடையோடு எழுந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, போன்ல இப்படி இல்லயே."

"காமாலை பொங்கலுக்கே ஆரம்பிச்சிருக்குது சித்தப்பா. படம் எடுத்த எனக்கே தெரியல."

"அது இல்ல கண்ணு. போன மாசம் நான் இதுல கண்ணுக்கு எதமா இருக்கட்டும்னு, அடியில ஒரு பட்டனை..."

"சித்தப்பா, நான் ஒரு நாளைக்கு எரநூறு ஸ்கிரீன் பாக்கறேன். கொஞ்சம் நகருங்க."

மாதேஸ்வரன் நகர்ந்தார். நாற்பது வருட வைத்தியத்தில் அவர் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வாசகரே, உங்களுக்குப் புரிந்துவிட்டது. பெரும்பாலான மானிட்டர்களில் கண்ணுக்கு இதம் என்ற பெயரில் ஒரு வசதி உண்டு. திரையில் நீலத்தைக் குறைத்துவிடும், எல்லாமே மஞ்சளடித்துப்போகும். மானிட்டருக்கு அடியில் உள்ள பொத்தானில் அது இருக்கும். திரையில் நிறம் மாறினால் படத்தைத் தொடாதே, முதலில் அந்தப் பொத்தானைப் பார் என்பதுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் கோகிலவாணி எடுக்கும் பாடம். அன்று அவள் பொத்தானைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைக்கூடப் பார்க்கவில்லை.

"நீலம் கொஞ்சம் ஏத்துங்க," என்றாள் மலர்விழியிடம். "இன்னும் கொஞ்சம். கண்ணுக்குள்ள இன்னும் இருக்குது பாருங்க. இன்னும்."

மஞ்சள் வடிந்தது. அப்பா தேறிவிட்டார். எந்த டாக்டராலும் முடியாததை அவள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அரூரில் இருக்கும் அச்சு மெஷினுக்கு அனுப்பச் சொன்னாள்.

பேனர் இரண்டரை மணிக்கு பைக்கில் வந்தது. எட்டடிக்கு ஆறடி. தெருமுனையில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே கட்டி, பிரித்துவிட்டார்கள்.

கருப்பண்ணன் நீலமாக இருந்தார்.

லேசான நீலம் இல்லை. காலண்டர் நீலம். கறுப்பான மனிதருக்கு வஞ்சனையில்லாமல் நீலம் ஏற்றினால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. மாற்றி அடிக்க நேரமில்லை. தெரு ஒரு நிமிடம் பறைச் சத்தத்தை மறந்து அண்ணாந்து பார்த்தது.

எதிர்வீட்டுச் சாலம்மாள்தான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். "வாழ்நாளெல்லாம் சாமி இல்லன்னு சொன்ன மனுசன். இப்ப பாரு, பெருமாளாட்டம் வந்து நிக்கிறாரு."

"சிரிக்கிற சிரிப்பும் அப்படியே இருக்குதுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். யாரோ பேனருக்குக் கீழே கற்பூரம் ஏற்றினார்கள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

கருப்பண்ணனோடு முப்பது வருடம் கறுப்புச் சட்டை போட்ட சிநேகிதர் ஆரோக்கியராஜ் கற்பூரத்தைக் காலால் தள்ளி அணைத்துவிட்டுத் திரும்பினார். "எவன் வேலைங்க இது? செத்த மனுசனைப் புடிச்சு நாமம் போடாத குறையா நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க," என்றார் மாதேஸ்வரன். "கலர் நான்தான் பாத்தேன். அரூர் மெஷின்ல வோல்டேஜ் கம்மி."

"மூணு பாடம் படிச்சவன் கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்," என்றார் ஆரோக்கியராஜ். அதற்கு மேலும் சொன்னார். மாதேஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்தவர் சரிசெய்ததையெல்லாம் தன் பேரில் எழுதிக்கொண்டு பழகிய மனிதருக்கு இதை எழுதிக்கொள்வதா சிரமம்?

ஆரோக்கியராஜ் ஓய்ந்து போனபிறகு கோகிலவாணி சித்தப்பாவின் அருகே வந்தாள்.

"சித்தப்பா, அந்தப் பட்டன் எதுன்னு சொல்ல வந்தீங்க?"

"எடப்பக்கத்துலருந்து ரெண்டாவது. உடு கண்ணு. அண்ணனுக்கு நீலமும் எடுப்பாத்தான் இருக்குது."

அவள் போனை எடுத்துப் படத்தைத் திறந்தாள். கறுப்புச் சட்டை. கறுப்பு முகம். கண்ணில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. விரலால் பெரிதாக்கி, ஒரு திரையைச் சோதிப்பதுபோல மூலை மூலையாகத் தேடிப் பார்த்தாள். மஞ்சள் எங்கும் இல்லை. பொங்கலன்று அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் எதையும் பார்க்கத் தவறவில்லை.

அதற்குப் பிறகுதான் அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். வீட்டுக்காரர்களுக்கு நிம்மதியாக இருந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு, அது யாரோ கம்பைநல்லூர்க்காரர்களின் கதை என்று நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். இருங்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் எழுத்து சற்று மங்கலாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அச்சடித்தவனைத் திட்டுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருதரம் துடைத்துப் பாருங்கள்.

துடைக்கமாட்டீர்கள்.