சங்கு வாத்தியார் மெதுவாகப் பேசப் பழகியது

தேயிலை மெஷினைச் சத்தத்தில் தோற்கடித்த மனிதர் கேமரன் மலையில் ஒருவர்தான். எங்கள் தோட்டத்து வாத்தியார். பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் நினைவில்லை. ஆலைச் சங்கு மாதிரிக் கத்துவார். சங்கு வாத்தியார் ஆகிவிட்டார்.

அவர்மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடம் ஆலையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு தகரச் சுவர். இந்தப் பக்கம் நான் இலை உருட்டும் மெஷினை ஓட்டுவேன். அந்தப் பக்கம் அவர் பாடம் நடத்துவார். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எனக்குத் தெரிந்த வாய்ப்பாடெல்லாம் தகரம் வழியாக வந்ததுதான்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள் இருக்கிறவர்கள் ரோட்டில் எந்த வளைவில் சுடுவார்கள் என்று தெரியாது. அப்போது கீழே ஈப்போ டவுனில் ஒரு பள்ளிக்கு வாத்தியார் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இவர் போகிறேன் என்றார். போய்விட்டால் அந்த ரோட்டில் வேறு வாத்தியார் ஏறி வரமாட்டார். பள்ளியை மூடிவிடுவார்கள். என் மகள் செல்லம்மா முதுகில் கொழுந்துக் கூடை ஏறும்.

"டவுன்ல மெதுவாப் பேசணுமாம்லா" என்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று பழகினார். கோழிகள் ஓடின.

"இன்னும் கொறைங்க வாத்தியாரே" என்றேன்.

"இதுக்கு மேல கொறைச்சா வாய மூடணும்!"

என் மனைவி மாரியாயி காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். "நீங்க சும்மா இருங்க" என்று என்னை அதட்டினாள். "பூ மாதிரி இருக்கு வாத்தியாரே. அங்கயும் இப்படியே பேசுங்க."

ராணுவ வண்டிக்குப் பின்னால் தோட்டத்து லோரியில் போனார். நடந்ததை லோரிக்கார வேலு வந்து சொன்னார்.

"காட்டு மிருகங்கள்னு பாடம். 'புலி வருது!'ன்னாரு பாருங்க, கேட்டுல நின்ன சிப்பாய்ங்க துப்பாக்கியோட உள்ள பாஞ்சிட்டாங்க. கேள்வி கேக்க வந்தவங்க மேசைக்கு அடியில. இவரு பாடத்த நிறுத்தணுமே! சிப்பாய்ங்களப் பாத்து, 'பிந்தி வந்தவன்லாம் வெளிய நில்லு!'ங்கிறாரு."

"நின்னாங்களா?"

"ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. வரிசையா நின்னானுங்க!"

வேலை கிடைக்கவில்லை.

"டவுன்காரனுக்குக் காது மெலிசுலா" என்றார் வாத்தியார். முகம் வாடியிருந்தது. மாரியாயி ரேஷன் சீனி என்றுகூடப் பார்க்காமல் அள்ளிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மெஷினைக் கிளப்பினேன். தகரம் அதிர்ந்தது.

"செல்லம்மா, எந்திரிச்சுப் படி!"

படித்திருப்பாள். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவர் சொன்ன "சபாஷ்" கேட்டது. அது போதும்.