ஹாஜி புஷைப் வழி கேட்பதில்லை

வழி தெரியாதவர்களுக்கு வாய் இருக்கிறது. கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வழி தெரிந்தவர்களுக்குக் கவலையே இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதற்கு வழி தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் வராது. யாராவது சொல்ல வந்தால் கோபம் மட்டும் வரும்.

இந்த இனத்தை நீங்கள் எங்கும் பார்க்கலாம் என்றாலும், அதன் முழு அழகைப் பார்க்க எங்கள் ஃபெஸ் நகரத்துக்குத்தான் வரவேண்டும். இங்கே கோட்டைச் சுவருக்குள் வண்டி நுழையாது, சந்துகளை எண்ணத் துணிந்தவனும் கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டாரைப் பத்தடி பின்னால் விட்டு, முச்சந்தியில் வழி தெரியாமல் நிற்பதை மறைக்க அங்கிருக்கும் கதவின் வேலைப்பாட்டை ரசிப்பதுபோல் கண்ணைச் சுருக்கி, பிறகு எந்தப் பக்கம் இறக்கமோ அந்தப் பக்கம் திரும்பி நடப்பவர் எவரோ, அவரே இந்த இனம். இறக்கத்தில் நடப்பவனுக்கு எந்த ஊரும் தெரிந்த ஊர்தான். சந்து முட்டுச்சந்தாகிவிட்டால்? சுவரைத் தட்டிப் பார்த்து, “இதைப் புதுசா கட்டியிருக்காங்க” என்பார். என் பாட்டன் பிறக்கும் முன்பே பாசி பிடித்த சுவர் அது.

காஸாபிளாங்காவிலிருந்து வந்த ஹாஜி புஷைபின் கதையைச் சொல்கிறேன். எனக்குச் செம்புக்கொல்லர் சதுக்கத்தின் அருகே, ஊரின் அடிவாரத்தில், தோல் செருப்புக் கடை. அன்று பிற்பகல் தொழுகை முடிந்து நான் கடை திறந்த நேரம், பட்டு உடுத்திய மனைவி, கோட்டு போட்ட மகன், வியர்த்த இரண்டு அத்தைகள் பின்தொடர ஒரு பெரியவர் வந்து, என் சரக்கறைக் கதவின் முன் நின்றார்.

“பாருங்க, முந்நூறு வருஷத்துக் கதவு!”

ஒன்பது வருஷத்துக்கு முன் நானே தச்சனை வைத்துப் போட்ட கதவு. அரைமணி கழித்து அதே கூட்டம் மறுபக்கத்திலிருந்து வந்தது. “இது ஐந்நூறு வருஷத்துக் கதவு!” மூன்றாம் சுற்றில் கதவுக்கு எழுநூறு வயதாகிவிட்டது. அத்தைகளில் ஒருத்தி கடைப் படியில் உட்கார்ந்து கொப்புளத்தைத் தடவினாள்.

“எங்கே போகணும் ஹாஜி?” என்றேன்.

“எங்கேயும் போகலே. நடந்து ஊர் பாக்குறோம். நான் இங்கே எட்டு மாசம் படிச்சவன்.”

“அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி” என்றாள் மனைவி.

“ஊரு நடந்தா போயிடும், ரகிய்யா?”

ஊர் போகாது. போனவர்கள் அவர்கள்தான், மறுபடியும் இறக்கமாக. கொப்புளத்து அத்தை போகுமுன் என்னிடம் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். இந்த இனத்தைப் பற்றி நான் அதிகம் குறை சொல்லக் கூடாதுதான்.

அன்று என் தங்கை மகள் கிஸ்லானைப் பெண் கேட்டு வரவிருந்தார்கள். ஆகவே சீக்கிரமே கடையை அடைத்துவிட்டு மேட்டில் எலுமிச்சைச் சந்திலிருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஏறிப் போனேன். முற்றத்தில் கூம்பு கூம்பாகச் சர்க்கரை, பால், பேரீச்சம்பழம், மருதாணி எல்லாம் வந்து இறங்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டாரைத்தான் காணோம். சீரை ஏற்றிவந்த, அல்லால் என்ற கழுதைக்காரர் நாலாவது கோப்பைத் தேநீரில் இருந்தார்.

“நான் என்ன பண்ணுவேன்? கோட்டை வாசல்லேயே சொன்னேன், எம் பின்னாடியே வாங்க ஹாஜின்னு. ‘நீ கழுதையைப் பாரு, நான் இவங்களுக்கு ஊரைக் காட்டிக்கிட்டே பத்து நிமிஷத்துலே வந்துடுறேன்’னுட்டாரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

தங்கை புருஷன் தஹாமி கர்வக்காரர். “சீரை மட்டும் அனுப்பிட்டு வராம இருக்கிறது நம்மளை அவமானப்படுத்துறதுக்குத்தான். சூரியன் விழறதுக்குள்ளே வரலேன்னா எல்லாத்தையும் அதே கழுதையிலே ஏத்தி அனுப்பிடுவேன். சம்பந்தமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்!” தங்கை முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னால் செய்வார்.

எனக்குச் சுருக்கென்றது. என் கடையைச் சுற்றிய அந்தப் பட்டு, அந்தக் கோட்டு!

கிஸ்லானை மாடிப்படிக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கைபேசியைக் காதில் வைத்தாள். “அனஸ், எங்கே இருக்கே?”

“தெரியலே” என்று கிசுகிசுத்தான் மாப்பிள்ளை. “அப்பா யாரையும் கேக்க விடமாட்டேங்கிறார். தோல் ஊறவைக்கிற வாடை மூக்கைத் துளைக்குது.”

“இப்போ எந்தப் பக்கம் திரும்புறார்?”

“இறக்கமா இருக்கிற பக்கம்.”

கிஸ்லான் சிரித்தாள். “மாமா, ஏறினா மூச்சு வாங்கும், அதனாலே ஏறமாட்டார். நம்ம வீடு மேட்டுலே. இப்படியே விட்டா அடுத்த வருஷம் வரைக்கும் உங்க கடையைத்தான் சுத்துவார். வாங்க.”

பட்டாடைக்கு மேல் ஒரு பழைய அங்கியை மாட்டி, தலையை மூடிக்கொண்டு கிளம்பினாள். ஹாஜி அவளைப் பார்த்ததில்லை. ‘நேரில் பார்த்துக்கறேன்’ என்று புகைப்படத்தைத் தள்ளிவிட்டவர். சதுக்கத்தின் மூலையில் நாங்கள் காத்திருக்க, அவர்கள் சரியாக வந்து சேர்ந்தார்கள். இப்போது கைகள் பின்னால் இல்லை. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. முகத்தில் நாற்பது வருஷம் கூடியிருந்தது. ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது.

“பெரியவரே,” என்றாள் கிஸ்லான் பயந்த குரலில், “மேலே எலுமிச்சைச் சந்துக்குப் போகணும். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?”

மனைவி ரகிய்யா பெண்ணின் படத்தைப் பார்த்தவள். அவள் வாயைத் திறக்கவில்லை. மகன் வானத்தைப் பார்த்தான்.

ஹாஜி நிமிர்ந்தார். “எலுமிச்சைச் சந்தா? நாங்களும் அங்கேதான் போறோம். எம் பின்னாலே வா, மகளே.”

நான் இருபதடி பின்னால் வந்தேன். முதல் திருப்பத்தில் அவர் வழக்கம்போல இறக்கத்தைப் பார்த்தார். “ஐயோ, அந்தப் பக்கம் நாய் இருக்கும்” என்றாள் இவள். “நான் அங்கேயா போகச் சொன்னேன்? இதுதான் வழி” என்று ஏற்றத்தில் திரும்பினார். அடுத்த முக்கில் ‘இருட்டு’ என்றாள், அதற்கடுத்ததில் ‘சாக்கடை’ என்றாள். ஹாஜி மூச்சிரைக்க, சரியான எல்லாத் திருப்பங்களிலும் தாமாகவே திரும்பினார். சூரியன் விழுந்து பாங்கு சொல்லக் கொஞ்ச நேரமே இருக்கும்போது வாசலை அடைந்தார். கிஸ்லான் பக்கத்து வீட்டுக்குள் நழுவி, மொட்டைமாடி வழியாகத் தன் வீட்டுக்குத் தாண்டிப் போய்விட்டாள்.

தஹாமி கழுதையின் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்.

“தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்” என்றார் ஹாஜி. “வழியிலே ஒரு பொண்ணு, பாவம், திக்குத் தெரியாம நின்னுச்சு. சொந்த ஊருலேயே! கொண்டுவந்து சேர்த்துட்டு வர்றேன்.”

மனிதர் நல்ல காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறார் என்றால் யார்தான் கோபிப்பது? தஹாமி கயிற்றை விட்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தேநீர்த் தட்டோடு பெண் வந்தாள். ஹாஜி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது மடல் மாதுளை முத்துப்போலச் சிவப்பதைக் கண்டேன். அவள் தேநீரை ஊற்றினாள்.

“ஹாஜி இல்லேன்னா நான் இன்னிக்கு வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டேன் அப்பா” என்றாள் கிஸ்லான்.

ஹாஜி கோப்பையை வாங்கினார். “இந்த ஊரிலே,” என்றார் தொண்டையைச் செருமி, “தெரிஞ்சவங்களுக்கே வழி தவறும்.”

அந்த இனத்தில் ஒருவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததை என் ஆயுளில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் இல்லை. ரகிய்யா எழுந்து பெண்ணின் நெற்றியில் முத்தமிட்டாள். இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது.

சிரித்துக்கொண்டே படித்தீர்கள் அல்லவா? மாமனாரையோ, புருஷனையோ, மேலதிகாரியையோ நினைத்துக்கொண்டுதானே? சரி, ஒன்று கேட்கிறேன். கடைசியாக உங்களிடம் யாரோ ஒருவர் வழி கேட்டாரே, உங்களுக்குத் தெரியாத இடத்துக்கு, அப்போது ‘தெரியாது’ என்றீர்களா, இல்லை, கையை நீட்டினீர்களா? எந்தப் பக்கம் நீட்டினீர்கள்? அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாராம்.