காசியானின் டிக்கி

வாசலில் நிற்கும் தன் காரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு மனிதர் டிக்கியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் உதடு அசைய எண்ணிப் பார்த்து, திருப்தியாக மூச்சு விட்டு, தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல மெதுவாக மூடுகிறாரா? குப்பை கொட்டப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது இன்னொரு தடவை? சந்தேகமே வேண்டாம். அவர்தான் டிக்கிக்காரர்.

பனி விழும் ஊர்களில் எல்லாம் இந்த இனம் உண்டு என்றாலும், வாத்ரா தோர்னெய் மாதிரி மலையூர்களில்தான் அது நன்றாகக் கொழுத்து வளர்கிறது. அக்டோபர் கடைசியில் புனித துமித்ரு திருநாளன்று மேய்ப்பர்கள் மலையிலிருந்து ஆடுகளை இறக்குவார்கள். அன்றைக்கே டிக்கிக்காரர் பரணிலிருந்து சாமான்களை இறக்குவார். சவேதா தன் கணவர் காசியானைப் பதினோரு வருடமாக ஜன்னல் வழியே பார்த்து வந்தாள். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

அப்படி அந்த டிக்கியில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? மண்வாரி, பனி சுரண்டி, இழுவைக் கயிறு, சக்கரத்துக்குச் சங்கிலி, சக்கரம் வழுக்கினால் அடியில் தூவ ஒரு மூட்டை மணல், அந்த மணல் தீர்ந்துபோனால் தூவ இன்னொரு மூட்டை மணல், கோடரி, இரண்டு டார்ச், இருட்டில் அந்த இரண்டையும் தேடுவதற்கு மூன்றாவது டார்ச், கம்பளி, மடித்தால் தீப்பெட்டி அளவும் விரித்தால் ஆள் உயரமும் இருக்கிற வெள்ளித்தாள் போர்வை, வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் கதகதப்புக்கு ஏற்ற மணிக்கட்டுப் பருமனில் ஒரு மெழுகுவர்த்தி, ஊதல், உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு ஒரு பாளம், வெங்காயம், பிளம் சாராயம், ஜனவரியில் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு புட்டி. எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. பட்டியல் டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். மிக முக்கியமானதை முதலில் வைக்கவேண்டும் என்பது காசியானின் கொள்கை. முதலில் வைத்தது எங்கே இருக்கும்? அடியில்.

கொழுப்பு கெட்டுப்போயிற்றா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சோதனை நடக்கும். வெங்காயம் இல்லாமல் கொழுப்பைச் சோதிக்க முடியாது. சாராயம் இல்லாமல் இரண்டையுமே சோதிக்க முடியாது. சாயங்காலம் அவசரகாலச் சரக்கு மூன்றையும் புதிதாக வைக்கவேண்டியிருக்கும்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று யாராவது கேட்டால், "பனி என்ன சொல்லிட்டா வரும்?" என்பார். சொல்லிவிட்டு வந்தாலோ, "பனி கொட்டுது, இப்பப் போயி எவனாவது வண்டிய எடுப்பானா?" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். பதினோரு குளிர்காலத்தில் ஒரு தடவைகூட அவர் எங்கும் மாட்டிக்கொண்டதில்லை. அந்தக் குறை அவருக்கு உள்ளூர உண்டு.

இந்த நிலையில்தான் சவேதாவின் தங்கை அக்ரிபினாவுக்கு, எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் வேறு யார்? சவேதாதான். தொட்டியிலிருந்து ஈரத்தோடு எடுக்கும் குழந்தையை வாங்கிக்கொள்ள வெள்ளைத் துணியும், பக்கத்தில் ஏற்றிப் பிடிக்க மெழுகுவர்த்தியும் ஞானத்தாய்தான் கொண்டுபோகவேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் சவேதா, பேசவேண்டியதையெல்லாம் அந்தத் துணியில் மூன்று வாரம் உட்கார்ந்து பூவேலையாகப் போட்டாள். துணியையும் ரிப்பன் சுற்றிய நீள மெழுகுவர்த்தியையும் ஒரு கூடையில் அடுக்கி, முந்தின நாளே டிக்கியில் வைத்தாள்.

கோயில் இருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம், கிம்புலுங்கில். ஞானஸ்நானம் பதினோரு மணிக்கு. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததால் காசியான் வண்டியை எடுத்தார்.

கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், வளைவில், ஒரு சின்னக் கார் மூக்கைப் பனிக்குள் புதைத்து நின்றது. காசியானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! கல்யாணத்தன்றுகூட சவேதா அதைப் பார்த்ததில்லை.

"யாரோ மாட்டிக்கிட்டாங்கடி!"

யாரோ இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கவேண்டிய விசாரியோன் பாதிரியாரேதான். பனியில் காலை உதறிக்கொண்டு நின்றார்.

"சாமி, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்!"

"பயமெல்லாம் இல்லப்பா. ஒரு கயிறு இருந்தா போதும்."

"கயிறா! நம்ம லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர் சாமி!"

ஒண்ணாம் நம்பர் என்றால் அடியில் என்று உங்களுக்குத் தெரியும். காசியான் கம்பளியை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக நம்பர் வரிசையில் இறக்கி வைத்தார். பின்னால் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. ஒரு லாரியிலிருந்து மரம் வெட்டுகிற ஆட்கள் மூன்று பேர் குதித்து வந்தார்கள்.

"என்ன அண்ணே, நடுரோட்டுல சந்தையா? வெங்காயம் எப்படி?"

"அது இருபத்தி ரெண்டாம் நம்பர், தொடாதே!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போய்ப் பாதிரியாரின் காரை ஆளுக்கொரு மூலையில் பிடித்து, "ஏலே, தூக்கு!" என்று சாலையில் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

"இருங்கப்பா, அவசரப்படாதீங்க! கயிறு கிடைச்சிருச்சு!" என்று காசியான் நிமிர்ந்தார்.

சவேதா கயிற்றைப் பார்க்கவில்லை. காலியாகிவிட்ட டிக்கியைப் பார்த்தாள். பிறகு கம்பளியின்மேல் இருந்ததை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"என் கூடை எங்கங்க?"

"எந்தக் கூடை?"

அவருக்கே ஞாபகம் வந்தது.

"ரெண்டாவது மணல் மூட்டைக்கு இடம் பத்தலடி... ஒரு நிமிஷம் விறகு அடுக்கு மேல எடுத்து வச்சேன்..."

"விறகு அடுக்கு மேலயா!"

மணி பத்தேகால். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் நண்பகல் தாண்டிவிடும். பாதிரியார் தாடியைத் தடவினார். "பன்னெண்டு மணிக்கு எனக்கு ஒரு அடக்கம் இருக்கும்மா. செத்தவர் காத்திருப்பார். அவர் சம்சாரம் காத்திருக்க மாட்டா."

எட்டு வருடம் காத்திருந்த தங்கை கோயில் வாசலில் குழந்தையோடு நிற்கிறாள். ஆனால் பதினோரு வருடம் ஜன்னல் வழியே பார்த்த கண் சும்மா போகுமா? சவேதா நேரே குனிந்தாள். பத்தொன்பது, மெழுகுவர்த்தி. கம்பளியை முகர்ந்தாள், கொழுப்பும் பெட்ரோலும் மணத்தது. இருபத்தேழு, வெள்ளித்தாள் போர்வை, பிரிக்காத பாக்கெட்.

"சாமி, இது ஆகுமா?"

பாதிரியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. புதுசு. ஈரத்தோட வர்ற பிள்ளைக்குச் சூடாவும் இருக்கும். ஆகும்மா."

"அதைப் பிரிக்காதடி!" என்று காசியான் அலறினார். "செட்டு உடைஞ்சிரும்! நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன பண்றது?"

"அவசரம் இன்னிக்கு வந்திருக்குங்க," என்று சொல்லிவிட்டு, சவேதா பாதிரியாரின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அப்ப நானு?"

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "நீங்க அடுக்கிட்டு வாங்க."

அந்த மாதிரி ஒரு ஞானஸ்நானத்தைக் கிம்புலுங் அதற்குமுன் கண்டதில்லை. தொட்டியில் முக்கி முடித்ததும் பாதிரியார் குழந்தையை நீட்ட, சவேதா சரசரவென்று வெள்ளித்தாளில் வாங்கிச் சுற்றினாள். அத்தனை மெழுகுவர்த்தி வெளிச்சமும் அதில் பட்டுச் சுவரில் இருந்த புனிதர்களின் தாடியிலெல்லாம் துள்ளியது. கத்திக்கொண்டிருந்த குழந்தை, இது என்ன சத்தம் என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அக்ரிபினா அழுதாள், சிரித்தாள், "அக்கா, சுடப்போற மீன் மாதிரி இருக்காளே!" என்று மறுபடியும் அழுதாள்.

விருந்தில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி வந்த நேரத்தில் காசியானும் வந்தார், எல்லாவற்றையும் நம்பர் வரிசையில் அடுக்கி முடித்துவிட்டு.

"வாங்க சகலை, சந்தை கலைஞ்சிருச்சா?" என்றான் அக்ரிபினாவின் கணவன்.

நடந்ததைக் கேட்டதும் வெட்கப்பட்டாரா? டிக்கிக்காரர் இனத்தில் அந்த வழக்கம் இல்லை. "பாத்தீங்களா! பதினோரு வருஷமா சிரிச்சீங்களே! இன்னிக்கு என் டிக்கி இல்லேன்னா?" என்று கோப்பையை உயர்த்தினார். பிறகு வெள்ளித்தாளைத் திருப்பி வாங்கி, மறுபடியும் தீப்பெட்டி அளவுக்கு மடிக்க முயன்றார். கேக் வெட்டும்போதும் மடித்துக்கொண்டுதான் இருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் கைப்பையைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கட்டும் என்று வைத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, எதற்கென்று மறந்துபோன மாத்திரை, மூன்று ஊக்கு, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. இல்லை என்று சத்தியம் செய்வீர்களா? சவேதாவே இப்போதெல்லாம் ஒரு துண்டு மெழுகுவர்த்தி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

குழந்தைக்கு இப்போது நாலு வயது. பூவேலை செய்த வெள்ளைத் துணி, அடுத்த ஞானஸ்நானத்துக்கென்று நாற்பத்தோராம் நம்பராக டிக்கிக்குள் இருக்கிறது. ஸ்டெப்னி டயருக்கு அங்கே இடம் இல்லை. அது வீட்டில், விறகு அடுக்கின்மேல் இருக்கிறது.