பதினேழாவது முகம்

காலை பத்து மணிக்குப் பதினேழாம் நம்பர் நேரில் வந்து நின்றபோது, ஓவியர் ஏணியில் உட்கார்ந்து, சுவரில் நாற்பத்திரண்டாம் நம்பரின் காதுக்குக் கடைசி வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மூஞ்சிய அழிக்கணும்."

"எந்த மூஞ்சிய?"

"இதைத்தான்," என்று வந்தவர் தன் முகத்தையே தொட்டுக் காட்டினார்.

ஓவியர் சுவரைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். அதே சப்பை மூக்கு, அதே இடது புருவத் தழும்பு. இருபது வருஷம் கடைப் பலகை எழுதியே காலம் தள்ளியவர் ஓவியர். தன் கையால் ஒரு முகம் இவ்வளவு அச்சாக வந்துவிட்டதே என்று ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சுவரில் இருப்பவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள்.

சாலைக்கு எதிரே அந்தத் தையல் ஆலை இன்னும் கரியாகத்தான் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் தீப்பிடித்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. நாற்பத்திரண்டு உடல்கள் எடுத்தார்கள். எது யார் என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியவில்லை. அன்று காலை வாசல் இயந்திரத்தில் பதிவான அடையாள அட்டைகளில் திரும்பி வராதவை நாற்பத்திரண்டு. அந்த அட்டைகளுக்காக எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்துத்தான் ஓவியர் மூன்று வாரமாக வரைந்தார். மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. அதைத் தொடர்ந்து 'சுவர் பேசட்டும்' என்று நீதிக்கான கலந்துரையாடல். குடும்பங்கள் வருகின்றன, பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், ஆலைத் தரப்பு வக்கீலும் வருகிறார்.

"நீங்க எப்படிப்பா உயிரோட இருக்கீங்க?"

"அன்னைக்கு நான் வேலைக்கே போகலண்ணே. காய்ச்சல். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். நேத்துதான் திரும்பி வந்தேன். மளிகைக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் ஒரு தட்டு முட்டையையும் கீழே போட்டுட்டாங்க. திங்கக்கிழமை புது வேலைல சேரணும். இந்த வழியாத்தான் போகணும்."

"அப்ப உங்க கார்டு எப்படி உள்ள போச்சு?"

"அது... மெஷின்தானே. எதையாவது பதிஞ்சிருக்கும்." அவர் கீழே கிடந்த பெரிய தூரிகையை எடுத்து ஓவியர் கையில் திணித்தார். "சீக்கிரம் அழிங்கண்ணே."

ஓவியர் விழா ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். அந்த அம்மா கையில் அழைப்பிதழ்க் கட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயையோ, உயிரோடவா இருக்கீங்க?" என்றவர், பதினேழின் முகம் போன போக்கைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம்," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஓவியரைத் தனியே இழுத்தார். "அண்ணே, அந்த வக்கீல் எப்படா சாக்கு கிடைக்கும்னு காத்துக்கிட்டிருக்கார். ஒரு மூஞ்சி தப்புன்னா மிச்ச நாற்பத்தொண்ணும் பொய்னு கோர்ட்டுல சொல்லிடுவார். கேஸே போயிடும். ஆளை மட்டும் கொஞ்சம் மாத்திடுங்க."

"யாரா மாத்துறது மேடம்?"

"யாராவும் இல்லாம."

யாராகவும் இல்லாத ஒரு முகத்தை வரைவது லேசான காரியம் இல்லை. ஓவியர் அடர்த்தியாக ஒரு மீசை வைத்தார். கண்ணாடி மாட்டினார். தாடைக்குக் கீழே இன்னொரு தாடை சேர்த்தார். பதினேழு தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்ப எங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது," என்று பெருமூச்சு விட்டார்.

அடையாளம் வேறு ஒருவருக்குத் தெரிந்தது. மகன் முகத்தைப் பார்க்க முன்னதாகவே வந்துவிட்ட பதினாறாம் நம்பரின் அம்மா, பக்கத்து முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இவன் சூப்பர்வைசர் இல்ல? கதவைப் பூட்டிட்டு ஓடினவன் இவன்தானே? என் புள்ள பக்கத்துலயா இவனை வெச்சிருக்கீங்க?"

பதினேழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்; அச்சு அசல் அந்தச் சூப்பர்வைசரேதான். ஓவியர் அவரைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அம்மாவின் செருப்பு பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் மீசைக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

"அழிச்சிடுங்க, அழிச்சிடுங்க!" என்று ஒருங்கிணைப்பாளர் கத்தினார்.

ஓவியர் வெள்ளை அடித்தார். நாற்பத்தொரு முகங்களுக்கு நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம். ஒருங்கிணைப்பாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. பேர் தெரியாத தொழிலாளின்னு சொல்லிக்கலாம்."

அதற்குள் பதினாறின் அம்மா தெருமுனைவரை போய்ச் செய்தி சொல்லிவிட்டார். 'ஆலைக்காரன் ஆள் வைத்து முகங்களை அழிக்கிறான், ஒன்று போய்விட்டது' என்று பேச்சு பரவியது. நான்கு மணிக்குள் குடும்பங்கள் அலறியடித்துக்கொண்டு வந்து, அவரவர் முகத்துக்கு முன்னால் அவரவர் நின்றுகொண்டார்கள். சிலர் இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சாயம் காயவில்லை என்று ஓவியர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்? நாற்பத்திரண்டின் காது ஒரு மாமாவின் முதுகோடு போய்விட்டது. மூன்று வார உழைப்பு கண்ணெதிரே கரைவதைப் பார்த்து ஓவியருக்கு அழுகை முட்டியது.

இந்த நேரம் பார்த்து வக்கீல் அரை மணி முன்னதாகவே வந்து சேர்ந்தார். விரல் நீட்டி எண்ணிக்கொண்டே சுவரின் கோடிவரை நடந்தார்.

"நாற்பத்தொண்ணு," என்றார். "அழைப்பிதழ்ல நாற்பத்திரண்டுன்னு போட்டிருக்கே?"

ஒருங்கிணைப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று, ஏணிக்குப் பின்னால் பதுங்கியிருந்த பதினேழைக் கையைப் பிடித்து இழுத்து மைக் முன்னால் நிறுத்தினார். "இவர் தப்பிச்சவர். கடவுள் புண்ணியத்துல உயிரோட இருக்கார். அதான் எடுத்துட்டோம்."

வக்கீல் சிரித்தார். அதற்குள் வந்துவிட்டிருந்த பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ஒருத்தர் திரும்பி வந்திருக்கார். நாளைக்கு எத்தனை பேர் வருவாங்களோ?"

நாற்பத்தொரு குடும்பங்களும் சுவரிலிருந்து கையை எடுத்தன. தன் தூரிகையாலேயே அவர்கள் வழக்குக்குக் குழி வெட்டிவிட்டோமே என்று ஓவியர் ஏணிப்படியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

பதினேழோ வக்கீலையும் பத்திரிகைக்காரர்களையும் பார்க்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்தார். "எனக்கு... காய்ச்சல்..." என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அவர் கண் கூட்டத்தில் ஒரே இடத்தில் போய் நிலைகுத்தியிருந்தது.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். ஓவியருக்குத் தெரிந்தவள்தான். சுவரில் முதல் கோடு போட்ட நாளிலிருந்து தினமும் வருவாள். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். கைத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டுப் போவாள். "உங்களுக்கு யாரும்மா?" என்று ஒரு நாள் கேட்டதற்கு, "இந்தப் பக்கம்தாண்ணே," என்று பொதுவாகக் கை காட்டினாள். பதினெட்டு ஒரு சின்னப் பெண். இவள் அந்தப் பெண்ணுடைய அக்காவாக இருக்கும் என்று ஓவியர் தானே முடிவு செய்துகொண்டார்.

இப்போது அவள் நேராக அந்த வெள்ளை வெற்றிடத்துக்கு வந்து, கைத்துணியை அதன்மேல் வைத்தாள். துணியில் வெள்ளை ஒட்டியது.

"ஏண்ணே இதை அழிச்சீங்க?"

"இவர்தாம்மா அது. உயிரோட இருக்கார். பாருங்க, எதிர்லயே நிக்கிறார்," என்றார் ஓவியர்.

"தெரியும்ணே," என்றாள் அவள். பதினேழு மைக்கைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். அவள் அவரைத் திட்டவில்லை. வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"எண்ணிக்கை நாற்பத்திரண்டுதாங்க, லீவு போட்டா இவருக்கு வேலை போயிடும்னு, இவரு கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அன்னைக்கு உள்ள போனது என் வீட்டுக்காரரு, அவரை ஒரு போட்டோகூட எடுத்து வெச்சதில்ல, அதனால இவரு மூஞ்சியவே திரும்ப வரைஞ்சுடச் சொல்லுங்க."