தீவுக்குப் புறப்பட்ட தொப்பி

சரோஜாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் தலையில் குடை அகலத்துக்கு ஓர் ஓலைத் தொப்பி இருந்தது. நைட்டி, கையில் கரண்டி, மேலே தொப்பி.

"என்னங்க, தீவுல நின்னா எடுப்பா இருக்குமா?"

"இருக்கும். முதல்ல சாம்பாரை இறக்கு."

நான் பால் வாங்கித் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

அவள் ஆசைப்பட்டது மாலத்தீவில் ஒரு தனித்தீவு விடுதிக்கு. தண்ணீருக்கு மேல் மர வீடு, கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே மீன் போகுமாம். அதற்கென்று அவள் எடுத்து வைத்த பணம் அப்படியே இருந்தது. அவள்தான் போகவில்லை, தொப்பியாவது போகட்டும் என்று போன வாரம் தி. நகர் டிராவல்ஸ் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

விமானத்தில் தொப்பி நசுங்காமல் வருமா என்று கேட்க வேண்டும். அதனால் அதையும் எடுத்துக்கொண்டேன். கையில் பிடித்தால் பஸ்ஸிலேயே நசுங்கிவிடும். தலையில் வைத்துக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஏறியதிலிருந்து பஸ்ஸே சிரித்தது.

"இன்னா நைனா, ஷூட்டிங்கா? இந்த பஸ் கோடம்பாக்கம் போவாதே!" என்றார் கண்டக்டர்.

ஆபீசில் ஒரு பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். சரோஜா விசாரித்து வைத்திருந்த விலையைச் சொன்னேன்.

"அங்கிள், அந்த ரேட்டெல்லாம் போச்சு. தீவு கை மாறிடுச்சு. புது நிர்வாகம். இப்ப டபுள்."

"வீட்டைப் பெருசாக்கிட்டாங்களா?"

"இல்ல, பேரைப் பெருசாக்கிட்டாங்க. ஏர்போர்ட்லேர்ந்து படகும் தனி சார்ஜ்."

"படகு இல்லாம தீவுக்கு எப்படிம்மா போறது?"

"நடந்து வர முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும் அங்கிள். அதான் சார்ஜ்."

"நான் ஒரு ஆள்தான்."

"ஒருத்தர் வந்தாலும் ரெண்டு பேர் ரேட்டுதான்."

"அப்ப சரி, ரெண்டாவது ஆள் இதுதான்" என்று தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவள் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டருக்கே போய்விட்டாள்.

"அய்யோ அங்கிள், திரும்பவும் கை மாறிடுச்சு!"

"நான் வந்து உட்கார்ந்த அப்புறமா?"

"காலையில வந்த மெயில், இப்பதான் பாக்கறேன். இப்ப டபுள் இல்ல."

அப்பாடா என்றேன்.

"மூணு மடங்கு."

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தீவின் புது மேனேஜரையே வீடியோவில் பிடித்துக் கொடுத்தாள். பின்னால் நீலக் கடல், முன்னால் நீலக் கோட்டு.

"வணக்கம் சார்! நமக்கும் சென்னைதான், திருவல்லிக்கேணி!"

நம்ம ஊர்! எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சரோஜா இதே தி. நகர் பாண்டி பஜாரில் இந்தத் தொப்பியை வாங்கியது நினைவுக்கு வந்தது. பாதி விலை சொன்னாள். கடைக்காரன் முடியாது என்றதும் விறுவிறுவென்று நடந்தாள். "திரும்பிப் பாக்காதீங்க, காரியம் கெட்டுடும்" என்று என் கையையும் இழுத்தாள். பக்கத்துக் கடையைத் தாண்டுவதற்குள், "யக்கா! வாக்கா, எடுத்துக்கோ!" என்று குரல் வந்துவிட்டது.

"பாதிக்குக் குடுத்தா வர்றேன். இல்லேன்னா வேற தீவு பாத்துக்கறேன்" என்றேன்.

"சார், அது வந்து..."

எழுந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தேன்.

குரல் வரவில்லை.

வாசலில் செருப்பை மெதுவாக மாட்டினேன். கழற்றி, மறுபடி மாட்டினேன். மாடிப்படியில் நின்று பல் டாக்டர் போர்டை முழுக்கப் படித்தேன். ஞாயிறு விடுமுறையாம்.

அப்போது தடதடவென்று காலடி. "அங்கிள்! அங்கிள்! நில்லுங்க!"

சரோஜா, ஜெயிச்சுட்டோம்! மெள்ளத் திரும்பினேன். "என்னம்மா, பாதிக்கு ஒத்துக்கிட்டாரா?"

அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றாள். "தொப்பியை விட்டுட்டுப் போறீங்க."

"அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாரு. 'படிக்கட்டுலதான் நிப்பாரு, எங்கம்மாவும் இப்படித்தான், கூப்பிட்டுடாதே'ன்னாரு."

தொப்பி இப்போது எங்கள் மொட்டைமாடியில், துடைப்பக்கட்டை மேல் உட்கார்ந்து, கீழ்வீட்டம்மாவின் வடகத்துக்குக் காவல் காக்கிறது. அங்கிருந்து கடல் கொஞ்சம் தெரியும்.