விட்டுப் போன பஸ்

மகா கனம் பொருந்திய மச்சான் ராஜாக்கண்ணு அவர்களுக்கு, ஜவ்வாது மலை மேலிருந்து தங்கை புருஷன் தீர்த்தகிரி எழுதிக்கொண்டது. இங்கே நான், பாஞ்சாலை, ஆடுகள், போன மாதம் பிறந்த உங்கள் மருமகன் உட்பட எல்லோரும் சுகம். அங்கே கண்ணமங்கலம் அரிசி மில்லில் உங்கள் கணக்குப்பிள்ளை உத்தியோகமும் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன?

மச்சான், எங்கள் ஊருக்குப் பஸ் விடச் சொல்லி நீங்கள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த மனுவின் நகலைப் படித்துவிட்டு, புதிதாக வந்த காந்தா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். 'விடு' என்பதற்கு 'லீவ்' போட்டு, 'மேலே' என்பதற்கு 'ஆன்' போட்டு, 'லீவ் தி பஸ் ஆன் அவர் ஹில்' என்று எழுதிவிட்டீர்களாம். "இன்னாங்க இது, பஸ்ஸ மலைமேலயே வுட்டுட்டுப் போங்கன்னு கேட்டிருக்காரு. 'ரன்' போட்டு 'டு' போடணுங்க" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பஸ் ஆபீசர் எழுதினதை எழுதினபடியே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் வந்த பஸ் திரும்பவில்லை. அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் எங்கள் புளியமரத்தடியில் நின்று, விடிந்துதான் கீழே இறங்குகிறது. டிரைவர் பாஷா பாய் எங்கள் வீட்டுக் களியைத் தின்றுவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒருநாள் கோழி கூவுமுன்னே பாஞ்சாலைக்கு வலி கண்டது. முதல் குழந்தை, அவளைத் தூளி கட்டித் தூக்கிப்போன வழியிலேயே இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஷா பாய், "அழாதம்மா, வண்டி இங்கதான கீது" என்று எழுந்து வந்து ஸ்டார்ட் செய்தார். போளூர் ஆஸ்பத்திரியில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பையன் பிறந்தான். நீங்கள் சரியாக எழுதியிருந்தால் அந்த நேரத்துக்குப் பஸ் போளூரில் தூங்கிக்கொண்டிருக்கும், மச்சான். உங்கள் இங்கிலீஷை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. பையனுக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறோம்.

குலதெய்வம் உங்களையும் உங்கள் பேனாவையும் காப்பாற்றட்டும். அக்காவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: ஆபீசருக்கு நன்றி சொல்லி, காந்தா டீச்சரை வைத்துச் சுத்தமான இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டிருந்தேன். பழைய பிழையைப் பொறுத்துக்கொண்டு 'ரன்', 'டு' என்று திருத்திப் படிக்கவும் என டீச்சர் அதில் சேர்த்திருந்தார். பதில் இப்போதுதான் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டதாம். நாளை முதல் பஸ் வருமாம், வந்தவுடன் போய்விடுமாம். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளுக்கு இது எட்டாம் மாதம். உடனே உங்கள் கையாலேயே இன்னொரு மனு எழுதி அனுப்புங்கள். டீச்சர் கண்ணில் காட்டமாட்டேன்.