சரிபார்க்கப்பட்ட சாவி

ஒரு பொருள் நமக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம், தெரிந்தவரிடம் இரவல் கேட்கலாம், துணிச்சல் இருந்தால் திருடலாம். மனித குலம் இந்த மூன்று வழிகளோடு திருப்தியடைந்து உட்கார்ந்திருந்த வேளையில், நான்காவது வழியைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் இணையக் குழுவைச் சேரும். அதில் நான் ஓர் எளிய உறுப்பினன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கணினி விளையாட்டுகளை இப்போது யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வரிசையைத் தருகிறார்கள். அதற்குப் பெயர் சாவி. கணினியில் தட்டினால் விளையாட்டு திறக்கும். ஒரு சாவி ஒரே ஒருமுறைதான் திறக்கும். அதற்குப் பிறகு செல்லாக்காசு. எங்கள் குழுவில் தாராள மனசுக்காரர்கள் சிலர் இந்தச் சாவிகளை இலவசமாகக் கொடுப்பார்கள்.

ஆரம்பத்தில் சாவியை அப்படியே போட்டார்கள். கைவேகம் உள்ளவன் எடுத்துக்கொண்டான். "அநியாயம், நான் அப்போ குளிச்சிட்டு இருந்தேன்" என்று ஒருவர் புகார் செய்தார். நியாயம்தானே? அதனால் ஒரு புதிர் போட்டு, விடை சொல்பவருக்கே சாவி என்றார்கள். விடை தெரிந்தவர்களே ஜெயிக்கிறார்கள் என்று அடுத்த புகார் வந்தது. அதுவும் நியாயம்தான். உடனே யாருக்கும் விடை தெரியாதபடி புதிரைக் கடினமாக்கினார்கள். இப்போது புதிரைக் கண்ணால் பார்ப்பதற்கே ஒரு முன்புதிர் உண்டு. இவற்றைக் கவனிக்கப் புதிர்க் குழு, முன்புதிர்க் குழு, இரண்டும் அடித்துக்கொண்டால் விலக்கிவிட ஓர் ஒருங்கிணைப்புக் குழு. எல்லாவற்றுக்கும் மேலே 'பெரியபூட்டு' என்ற புனைபெயரில் தலைவர். சாவிகளின் தரத்துக்குப் பொறுப்பு 'சோதனைச்சாமி'. அவர் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை போடாத சாவி போட்டிக்கே வராது.

காசு கொடுத்து விளையாட்டு வாங்குவதை எங்கள் குழு தடை செய்யவில்லை. ஆனால் அப்படிச் செய்தவரை 'வாங்குனவரு' என்பார்கள். அதற்குப் பிறகு அவர் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். ஏற்கனவே யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. இருந்தாலும் வலிக்கும்.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் தங்கை வேலை நிமித்தம் வெகுதூரம் போய்விட்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். போனில் பேசினால் "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு நின்று, இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்கும். அதனால் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அக்கா, ஆத்துல படகு ஓட்டுற விளையாட்டு ஒன்னு இருக்கு. மூணு பேரு வரைக்கும் ஏறலாம். ரெண்டு பேராவது ஏறினாதான் படகு நகரும். நான் வாங்கிட்டேன். நீயும் வாங்கு, பேசிக்கிட்டே துடுப்புப் போடலாம்."

மனைவி உடனே கைபேசியை எடுத்தாள். நான் தடுத்தேன்.

"என்னங்க, வெளியில ஒரு வேளை சாப்பிடுற காசுதான்."

"காசு பெரிசில்ல, மானம் பெரிசு. எங்க குழுவுல அந்தச் சாவி வரப்போகுது. நான் ஜெயிச்சுத் தரேன்."

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் பேச்சை நம்புகிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

மச்சினி ஆற்றங்கரையில் காத்திருக்கத் தொடங்கினாள். தினமும் வேலை முடிந்ததும் விளையாட்டுக்குள் நுழைந்து, தோளில் துடுப்போடு கரையில் நிற்பாள். அங்கே மழை பெய்தது, இலை உதிர்ந்தது, மறுபடி துளிர்த்தது. விளையாட்டில் பருவங்கள் சீக்கிரம் மாறும் என்றாலும் அவள் அனுப்பிய படங்களைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"அத்தான், ஒரு கொக்கு வந்து என் தலையில கூடு கட்டுது," என்று செய்தி அனுப்பினாள்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்," என்று பதில் போட்டேன்.

ஒருவழியாகப் படகுச் சாவி போட்டிக்கு வந்தது. தக்க சான்றுகளோடு நான் மனிதன்தான் என்று நிரூபித்து முன்புதிரைத் தாண்டினேன். உள்ளே இருந்த புதிர் இது:

"மேற்படி விடை, கீழ்க்காணும் சலவை இயந்திரத்தின் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. படத்தில் முன்புறம் மட்டுமே காட்டப்படும். தெரியவில்லை எனில் தலைகீழாக வாசிக்கவும். தெரிகிறது எனில் ஏற்கனவே தலைகீழாக வாசித்ததாகக் கருதப்படும்."

மறுநாள் அதை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் பிரிவில். ஏற்றுக்கொள்ளும் பிரிவு என்று ஒன்று மாடியில் இருப்பதாகக் கேள்வி. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே பழுத்த கண்கள் எங்களுடையவை. மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் சலவை இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்று திருப்பி அனுப்ப வேண்டியவை எல்லாம் அப்படியே கிடந்தன. அதனால் சிலருக்குத் தவறுதலாகப் பணம் கிடைத்துவிட்டது என்று பின்னர் தெரியவந்து மிகவும் வருந்தினோம்.

சாப்பாட்டு வேளைக்கு முன்னால் மேலாளர் வந்தார். எழுந்து நின்றோம்.

"என்ன கூட்டம்?"

புதிரை நீட்டினேன். படித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம லீவு சுற்றறிக்கை மாதிரியே இருக்கே! இதையெல்லாம் எழுதியிருக்கறபடி படிக்கக் கூடாதுப்பா. எழுதினவன் தன் வேலை மிச்சமாக என்ன செஞ்சிருப்பான்னு யோசிக்கணும்."

"என்ன சார் செஞ்சிருப்பான்?"

"போன தடவை வெச்சதையே இந்தத் தடவையும் வெச்சிருப்பான்."

போன போட்டியின் விடையைத் தேடியெடுத்து அனுப்பினேன். சரியான விடை. குழுவில் வாழ்த்து குவிந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்கச் சாவிப் படம் முளைத்தது. பிரிவே கைதட்டியது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மச்சினி கரையில் தயாராக நிற்கிறேன் என்றாள். சாவியைத் தட்டினேன்.

"இந்தச் சாவி ஏற்கனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்றது கணினி.

மறுபடி தட்டினேன். மறுபடியும் அதையே சொன்னது. மனைவியின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

"நானே வாங்கிடட்டுமாங்க?"

"கொஞ்சம் பொறு. புகார் கொடுத்துட்டு வரேன்," என்று பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

குரலழைப்பில் அவசரக் கூட்டம் கூடியது.

"சாவி வேலை செய்யலையா? இருக்கவே முடியாது," என்றார் சோதனைச்சாமி. "நானே சோதிச்சேன். அருமையா வேலை செஞ்சுது."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"எப்படிச் சோதிப்பாங்க? என் கம்ப்யூட்டர்ல தட்டினேன். திறந்துச்சு. முத்திரை போட்டேன்."

"ஒரு தடவை திறந்தா அப்புறம் திறக்காதே!"

"திறக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை. மறுபடி திறக்குமான்னு பாக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடலையே."

"அப்போ இதுவரைக்கும் குடுத்த சாவியெல்லாம்?"

"எல்லாம் தரமான சாவி. ஒன்னுலகூடக் குறை கிடையாது."

"அப்படின்னா அத்தனை விளையாட்டும் உங்ககிட்டதான் இருக்கு!"

"இருந்து என்ன பிரயோசனம்?" என்றார் அவர். "ஒன்னைக்கூட விளையாடினதில்ல. அடுத்த சாவியைச் சோதிக்கவே பொழுது சரியா இருக்கு."

பெரியபூட்டு கனைத்தார். "எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷமா யாரும் இப்படிப் புகார் சொன்னதில்ல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"சாவியைத் தட்டினேன்."

"எதுக்கு?" என்று யாரோ கேட்டார்.

"விளையாடத்தான்."

"விளையாடவா!" என்றார் இன்னொருவர். "ஜெயிச்ச சாவியை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். இவரு தட்டிப் பாத்தாராம்ல, தட்டி!"

நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. "சாவியைத் தட்டியதனாலேயே இக்குறை ஏற்பட்டுள்ளது எனத் தெளிவாவதால், வெற்றியாளர்கள் இனி சாவியைத் தட்டுவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அடுத்து, இனி வரக்கூடிய புகார்களைக் கவனிக்க ஒரு பிரிவு வேண்டும் என்றார்கள். புகாரைத் திருப்பி அனுப்புவதில் முன் அனுபவம் உள்ளவர் யார் என்று விசாரித்து, என்னையே தலைவராக்கினார்கள். சண்டை போடப் போனவனுக்குப் பதவி கிடைத்தால் கோபம் எங்கே நிற்கும்? முதல் வேலையாக என் புகாரைப் பரிசீலித்து, போதிய ஆதாரம் இல்லை என்று எனக்கே திருப்பி அனுப்பினேன். கடிதம் கச்சிதமாக இருந்தது. என்னாலேயே மறுத்துப் பேச முடியவில்லை.

கதவைத் திறந்தால் கூடத்தில் ஒரே சிரிப்பு. திரையில் படகு போய்க்கொண்டிருந்தது. முன்னால் மச்சினி, பின்னால் என் மனைவி.

"வாங்கிட்டியா?"

"ஆமாங்க. அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள வந்துடுச்சு."

"புதிர் எதுவும் கேக்கலையா?"

"கேட்டாங்களே. வேணுமா வேணாமான்னு."

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான், வீட்டில் ஒரு 'வாங்குனவரு' உருவாகிவிட்டதை மட்டும் மறந்துவிட்டால்.

மச்சினி கத்தினாள். "அத்தான், மூணாவது துடுப்பு சும்மா கிடக்கு! உங்களுக்கும் ஒரு சாவி வாங்கி அனுப்பியிருக்கேன். சீக்கிரம் ஏறுங்க, முன்னாடி அருவி வருது!"

கைபேசியில் சாவி வந்திருந்தது. புதிரும் இல்லை, முன்புதிரும் இல்லை, பச்சையாக முழுசாக இருந்தது. தட்டலாம் என்றுதான் விரலை நீட்டினேன். ஆனால் நான் இப்போது பொறுப்பான பதவியில் இருப்பவன். சொந்த மச்சினியே ஆனாலும், முத்திரை இல்லாத சாவியை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? முறைப்படி சோதனைச்சாமிக்கு அனுப்பிவைத்தேன். மனுஷன் நல்ல சுறுசுறுப்பு. அருவி வருவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது: "சாவி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது."

உண்மைதான். தண்ணீரும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் ஆற்றில் இறங்கினார். அக்காவும் தங்கையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று பேருமாக அருவியைத் தாண்டினார்கள். "பாவங்க, சிரிக்கச் சிரிக்கப் பேசுறாரு. இத்தனை நாளா எதுவுமே விளையாடினதில்லையாமே!" என்றாள் மனைவி.

சான்றிதழை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீசில் என் மேசைக்கு மேலே மாட்டினேன். மேலாளர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளே அவரும் படகு விளையாட்டுச் சாவி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிச் சரிபார்க்க அனுப்பினார். பிறகு பிரிவில் ஒவ்வொருவராக. இப்போது எல்லா மேசைக்கு மேலும் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. மாடியில் இருக்கும் ஏற்றுக்கொள்ளும் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு பிரிவு உண்மையிலேயே இருக்கிறது.

சோதனைச்சாமிதான் பாவம். ஒரு கணக்கில் ஒரு படகுச் சாவிதான் செல்லும் என்பதால், புதுப்புதுக் கணக்குத் தொடங்கி அத்தனை சாவியையும் சோதிக்க வேண்டியிருப்பதால் படகுப் பக்கமே வருவதில்லை. மூன்றாவது துடுப்பு மறுபடி சும்மா கிடக்கிறது. "அத்தான், உங்களுக்கு வேற சாவி ஒன்னு வாங்கி அனுப்பட்டுமா?" என்று மச்சினி கேட்கிறாள். தாராளமாக அனுப்பு, ஆனால் முத்திரையோடு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.